வளவு நாயும் நாமும்: வன்னி வீடுகளில் நாயோடு உறவை வளர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

வன்னியில் நாய் இல்லாத வளவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். படலையைத் திறந்தால் முதலில் வருவது நாய், பிறகுதான் வீட்டுக்காரர். காட்டுக்கரையில் வீடு என்றால் இரவில் பன்றியோ யானையோ வருகிற செய்தியை முதலில் சொல்வதும் அதுதான். ஆனால் அந்த நாய்க்கும் உங்களுக்கும் என்ன உறவு என்று கேட்டால், "சோறு போடுறம், காவல் காக்குது" என்பதோடு பல வீடுகளில் கதை முடிந்துவிடும்.

அதற்கு மேலே போக விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாய் வளர்ப்புப் பற்றிப் படிக்கக் கிடைப்பவை பெரும்பாலும் மெத்தையில் படுக்கும் சாதி நாய்களுக்கு எழுதப்பட்டவை. நம்முடைய ஊர் நாய் மாமரத்தின் கீழே மண்ணைத் தோண்டிப் படுக்கும், சோறும் மீன் தலையும் தின்னும், பகலில் அரைவாசி நேரம் ஒழுங்கையில் நிற்கும். வீட்டுக்குள் விடாத நாயோடும் ஆழமான உறவு வரும். அதற்கு வேண்டியது ஒன்றுதான்: நீங்கள் எப்படி நடந்துகொள்வீர்கள் என்று நாய்க்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இன்று கொஞ்சி நாளை உதைக்கிறவரிடமும் நாய் வரும், வாலை ஆட்டும், போட்டதைத் தின்னும். ஆனால் அவர் கையை நீட்டும்போது அதன் முதுகு ஒருமுறை தாழ்வதைக் கவனித்துப் பாருங்கள். கீழே சொல்கிற ஒவ்வொரு படியும் அந்தத் தாழ்வு இல்லாமல் ஆக்குவதற்குத்தான்.

படி 1: எந்த நாய் என்று தீர்மானியுங்கள்

நமது ஊர்களில் குட்டி தேடி அலைய வேண்டியதில்லை. சந்தையடியிலும் கோவில் வீதியிலும் உரப்பையில் கட்டிக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறார்கள். அப்படி விடப்படுவதில் பெரும்பாலானவை பெட்டைக் குட்டிகள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை குட்டி போடும் என்ற பயத்தில் பெட்டையை யாரும் எடுப்பதில்லை. என்னைக் கேட்டால் பெட்டையை எடுங்கள் என்பேன். கடுவன் நாய்போல ஊர் சுற்றிச் சண்டை பிடித்துக் காயத்தோடு வருவது குறைவு. குட்டிப் பிரச்சினைக்குக் கருத்தடை இருக்கிறது. அரச கால்நடை வைத்தியர் பணிமனையில் கேட்டால் எப்போது, எங்கே செய்யலாம் என்று சொல்வார்கள்.

குட்டியை எட்டு வாரம் ஆகும்வரை தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். கண் திறந்த உடனேயே பிடுங்கிக்கொண்டு வந்தால் நன்றாக ஒட்டும் என்பது ஊர்க்கதை. தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் கடித்து விளையாடும்போதுதான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் அடுத்தவருக்கு நோகும் என்று குட்டி படிக்கிறது. அந்தப் பாடம் படிக்காத குட்டி பிறகு உங்கள் பிள்ளையின் கையில் படிக்கும். மறுபக்கம், மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காவது வாரம் வரைதான் குட்டியின் மனம் உலகத்துக்கு அகலத் திறந்திருக்கும் காலம். அந்த நாட்களில் பார்த்த மனிதர், கேட்ட சத்தம், மணந்த வாசனை எல்லாம் "பயப்படத் தேவையில்லாதவை" என்று பதிந்துவிடும். ஆகவே எட்டு வாரத்தில் வந்த குட்டியை அடுத்த ஆறு வாரமும் சும்மா கட்டிப்போட்டு வைத்திருந்தால், பிறகு எவ்வளவு பாடுபட்டாலும் திரும்பக் கிடைக்காத ஒன்றை இழக்கிறீர்கள். உழவு இயந்திரம், குடை பிடித்த ஆள், தொப்பி போட்டவர், சைக்கிள் மணி, தயிர்க்காரர், மாடு எல்லாவற்றையும் தூரத்தில் நின்று அமைதியாகக் காட்டுங்கள்.

வளர்ந்த நாய் தானாக வந்து படலையடியில் படுத்துக்கொண்டால்? "வளர்ந்தது ஒட்டாது" என்று விரட்ட வேண்டாம். ஹங்கேரியின் புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் 2001இல் காப்பகத்து நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் பத்து நிமிடம் வீதம் மூன்று தடவை மட்டும் அந்த நாய்களோடு பழகினார். அதற்குள்ளேயே பல நாய்கள் அவரைத் தன் ஆளாக நடத்தத் தொடங்கிவிட்டன. கைவிடப்பட்ட வளர்ந்த நாய்க்கு மனிதர்மேல் இருக்கிற தாகம் அவ்வளவு.

படி 2: முதல் வாரம்

முதல் இரவு குட்டி அழும். அதை மாட்டுக்கொட்டிலில் கட்டிவிட்டுப் போய்ப் படுப்பது நம் வழக்கம். "அழுது பழகட்டும்" என்பார்கள். அழுது அழுது அது படிப்பது, கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்பதை. விறாந்தையின் ஓரத்தில், உங்கள் மூச்சுச் சத்தம் கேட்கிற தூரத்தில் ஒரு மூலை கொடுங்கள். நீங்கள் உடுத்துக் கழுவாத பழைய சாரத்தையோ சேலைத் துண்டையோ அங்கே போடுங்கள். உங்கள் மணம்தான் அதற்குக் கிடைக்கிற முதல் உறவு. சில நாளில் தானாகவே நித்திரையாகிவிடும், பிறகு மெல்ல மெல்ல இடத்தை மாற்றலாம்.

வந்த அன்றே ஊர்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கைமாறிக் கைமாறித் தூக்க விடாதீர்கள். வந்த அன்றே குளிப்பாட்டவும் வேண்டாம். ஒரு பெயர் வையுங்கள், வீட்டில் எல்லோரும் அதே பெயரைச் சொல்லுங்கள். அந்தப் பெயரைச் சொல்லி ஒருபோதும் ஏசாதீர்கள். பெயர் கேட்டால் நல்லது நடக்கும் என்று மட்டுமே அதற்குத் தெரிய வேண்டும்.

சாப்பாடு ஒரே நேரத்தில், ஒரே பாத்திரத்தில். குட்டிக்கு நாளுக்கு மூன்று தடவை, வளர்ந்த பிறகு இரண்டு. சோற்றோடு முள் எடுத்த மீனோ அவித்த முட்டையோ கொஞ்சம் பூசணியோ சேர்த்தால் போதும். நமது சட்டியில் இருக்கிற சில சாமான் நாய்க்கு ஆகாது. வெங்காயம் அதன் இரத்தத்தைக் கெடுக்கும். ஆகவே மிஞ்சிய குழம்பையும் சம்பலையும் அப்படியே ஊற்றிப் பிசையாதீர்கள். வேக வைத்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். சொக்லேட், முந்திரிகை வற்றல் (உலர்ந்த திராட்சை) இரண்டும் நஞ்சு. காய்ச்சல் என்று நமது குளிசையைக் கொடுக்கவே கூடாது.

படி 3: ஊசியும் உண்ணியும்

உறவைப் பற்றிய வழிகாட்டியில் ஊசி எதற்கு என்று கேட்கலாம். விசர்நாய்க்கடிப் பயம் இருக்கும்வரை மனிதர் நாயை முழு மனதோடு தொடமாட்டார்கள். அந்த நோய் ஒருவருக்கு அறிகுறி காட்டத் தொடங்கிவிட்டால் அநேகமாக மரணம்தான். ஆனால் ஊசியால் முற்றாகத் தடுக்கக்கூடிய நோயும் அதுதான். வருடம் ஒருமுறை நாய்க்கு ஊசி போட்டு அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், காயத்தை ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் எதுவும் வைக்காதீர்கள். கடித்த நாயை அடித்துக் கொன்றுவிடவும் வேண்டாம். கட்டி வைத்து 14 நாள் கவனித்தால்தான் அதற்கு விசரா இல்லையா என்று தெரியவரும்.

உண்ணி வேறு கதை. காண்டாவனத்து வெயிலில் வன்னி நாயின் காதுக்குள்ளும் விரல் இடுக்குகளிலும் உண்ணி கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். அது கொண்டுவருகிற காய்ச்சலில் நல்ல திடமான நாய்கூட சோறு தின்னாமல் சுருண்டு போய்விடும். கால்நடை வைத்தியரிடம் மருந்து கேளுங்கள். ஆனால் மருந்து இருந்தாலும் பின்னேரம் ஒருமுறை விறாந்தைப் படியில் உட்கார்ந்து நாயைப் பக்கத்தில் படுக்கவைத்து உண்ணி பார்ப்பதை விடாதீர்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். விலை இல்லை, சாமான் தேவையில்லை. நாய் தன் வயிற்றையும் காதையும் உங்கள் கையில் கொடுக்கப் பழகுகிறது. நீங்கள் அதன் உடம்பில் எங்கே கட்டி, எங்கே காயம், எங்கே நோகிறது என்று அறிகிறீர்கள். கோவில் வாசல் நாய்களில்கூட இப்படி ஒருவரிடம் மட்டும் காதைக் கொடுத்துக்கொண்டு கண் மூடிக் கிடக்கிற நாயைப் பார்க்கலாம்.

நோய்ப்பட்ட நாயைப் பார்ப்பது நாகரிகக்காரரின் புதுப்பழக்கம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சங்கதி. ஜேர்மனியில் பொன் (Bonn) என்ற நகரத்துக்குப் பக்கத்தில் ஓபர்காசல் என்ற இடத்தில் 1914இல் ஒரு பழைய புதைகுழி கிடைத்தது. ஏறத்தாழ 14,000 ஆண்டு பழையது. ஓர் ஆணும் பெண்ணும், அவர்களோடு ஒரு நாய்க்குட்டியும். குட்டியின் பல்லைப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள், அது வாரக்கணக்கில் கடும் நோயில், பெரும்பாலும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயில், கிடந்திருக்கிறது என்றார்கள். அந்த நோயில் யாராவது பார்த்துத் தண்ணீரும் தீனும் கொடுக்காமல் குட்டி அவ்வளவு நாள் தாங்கியிருக்காது. வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத ஒரு குட்டிக்கு, வேளாண்மையே தெரியாத காலத்து மனிதர் செய்தது அது.

படி 4: நாயின் உடம்பைப் படியுங்கள்

நாய் நம்மைப் படிக்கிற அளவுக்கு நாம் நாயைப் படிப்பதில்லை. நீங்கள் கத்தியை எடுத்தால் மீன் வெட்டவா தேங்காய் உடைக்கவா என்று அதற்குத் தெரியும். கோவிலுக்கு உடுத்தினால் கூட வராது, தோட்டத்துக்கு உடுத்தினால் முன்னால் ஓடும்.

வாலிலிருந்து தொடங்குங்கள். வால் ஆடினால் சந்தோஷம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வால் எந்த உயரத்தில், எப்படி ஆடுகிறது என்பதுதான் முக்கியம். இடுப்போடு சேர்ந்து அகலமாக ஆடினால் மகிழ்ச்சி. நிமிர்ந்து விறைத்து, நுனி மட்டும் துடித்தால் "கிட்ட வராதே". காலுக்குள் போய்விட்டால் பயம். இத்தாலிய ஆய்வாளர்கள் 2007இல் இன்னும் நுட்பமான ஒன்றைக் கண்டார்கள்: தன் ஆளைக் காணும்போது நாயின் வால் அதன் வலப்பக்கம் கூடுதலாகச் சாய்ந்து ஆடுகிறது, மிரட்டும் அறியாத நாயைக் காணும்போது இடப்பக்கம். வேலை முடிந்து வரும்போது உங்கள் நாயின் பின்னால் யாரையாவது நிற்கச் சொல்லிப் பாருங்கள்.

பசியில்லாத நேரத்தில் உதட்டை நக்குவது, நித்திரை வராத நேரத்தில் கொட்டாவி விடுவது, தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, இவையெல்லாம் மனம் சங்கடப்படுவதன் அடையாளம். பிள்ளை நாயைக் கட்டிப் பிடிக்கும்போது எடுத்த படங்களைப் பாருங்கள். பாதிப் படங்களில் பிள்ளை சிரிக்கும், நாய் இந்த மூன்றில் ஒன்றைச் செய்துகொண்டிருக்கும். உறுமல் என்பது கெட்ட குணம் அல்ல, எச்சரிக்கை. உறுமியதற்கு அடித்தால் அடுத்த தடவை உறுமாமலே கடிக்கும். "குரைக்கிற நாய் கடிக்காது" என்பதை நம்பிப் படலையைத் திறந்தவர்கள் வைத்தியசாலை வரிசையில் நிற்கிறார்கள்.

கண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அறியாத நாயைக் கண்ணுக்குக் கண் முறைத்துப் பார்த்தால் அது சண்டைக்குக் கூப்பிடுவது. ஆனால் உங்கள் நாய் உங்களைப் பார்ப்பது வேறு வகை. யப்பானின் அசாபு பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2015இல், நாயும் அதன் ஆளும் நெடுநேரம் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டால் இருவரின் உடலிலும் ஒக்ஸிடோசின் என்ற சுரப்பு கூடுவதைக் காட்டினார்கள். தாய் பிள்ளையைப் பார்க்கும்போது கூடுகிற அதே சுரப்பு. மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் இது நடக்கவில்லை. 2019இல் வேறு ஆய்வாளர்கள், நாயின் உட்புருவத்தைத் தூக்குகிற ஒரு தசை ஓநாய்க்குச் சரியாக வளரவில்லை என்று அறுத்துப் பார்த்துச் சொன்னார்கள். நீங்கள் சாப்பிடும்போது வாசலில் இருந்து வருகிற அந்தப் பாவப்பட்ட பார்வைக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுப் பயிற்சி இருக்கிறது. ஆகவே நாய் தானாக வந்து உட்கார்ந்து உங்களைப் பார்த்தால், போனைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள். தலையைப் பிடித்துத் திருப்பிப் பார்க்க வைப்பது இதில் சேராது.

படி 5: தொடுங்கள், பேசுங்கள்

கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் தெருநாய்களை வைத்து ஆய்வு செய்கிற ஒரு குழு இருக்கிறது. நமது தெருநாய்களைப் போலவே யாருக்கும் சொந்தமில்லாமல் வீதியில் வாழ்கிற நாய்கள். அறியாத மனிதர் ஒருவர் சில நாய்களுக்குத் திரும்பத் திரும்பத் தீன் கொடுத்தார், சிலவற்றைத் திரும்பத் திரும்பத் தலை தடவினார். தடவப்பட்ட நாய்கள்தான் அந்த மனிதரைக் கூடுதலாக நம்பின என்று 2017இல் எழுதினார்கள். எப்போதும் பசியில் இருக்கிற தெருநாய் தீனைவிடத் தடவலை நம்பியது. "நான்தானே சோறு போடுறன், ஏன் என்னைவிட உங்கட மகனோட திரியுது" என்று கேட்கிற அம்மாக்களுக்கு இதுதான் பதில்.

தொடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. மேலேயிருந்து தலையில் கை வைக்காதீர்கள். பக்கவாட்டில் குந்தி இருந்து, கையைத் தாழ்த்தி, அது வந்து மணக்க விடுங்கள். நாடிக்குக் கீழே, நெஞ்சில், காதின் அடியில் மெதுவாகத் தடவுங்கள். ஐந்து விநாடியில் கையை எடுங்கள். நாய் மூக்கால் தள்ளிக் கையைக் கேட்டால் தொடருங்கள். எழுந்து உதறிவிட்டுப் போனால் விடுங்கள். இந்தக் கேட்டு வாங்கும் பழக்கம் வந்த நாய், நாளைக்குக் காலில் முள் ஏறினாலும் உங்களிடம் நீட்டும்.

பேச்சுக்கு வருவோம். நாயோடு பேசுகிறவரைப் பார்த்துச் சிரிக்கத் தேவையில்லை. புடாபெஸ்ட்டில் நாய்களை அசையாமல் படுக்கப் பழக்கி மூளையைப் படம் பிடித்தார்கள். சொல் நல்ல சொல்லாகவும் குரல் நல்ல குரலாகவும் இருந்தால் மட்டுமே மூளையின் மகிழ்ச்சிப் பகுதி சுறுசுறுப்பானது என்று 2016இல் வெளியிட்டார்கள். வெறும் சொல்லைத் தட்டையாகச் சொன்னாலும் போதவில்லை, இனிய குரலில் பொருளற்றதைச் சொன்னாலும் போதவில்லை. ஆகவே "நல்ல பிள்ளை" என்பதை நல்ல பிள்ளைக்குச் சொல்வது போலவே சொல்லுங்கள்.

படி 6: சில சொற்களைப் பழக்குங்கள்

வீட்டில் அம்மாவோடும் அப்பாவோடும் தமிழில் பேசுகிறவர் நாயைக் கண்டவுடன் ஆங்கிலத்துக்கு மாறுவது ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. "வா", "இரு", "வேண்டாம்", "போய்ப் படு" இந்த நாலும் போதும். முக்கியம், வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்வது. அப்பா "இஞ்ச வா" என்றும், மகள் "ஓடி வா" என்றும், அப்பம்மா "சூ" என்றும் கூப்பிட்டால் நாய் மூன்று பேருக்கும் வராது.

கொஞ்சம் கருவாட்டுத் துண்டு கையில் இருக்கட்டும். நாய் உங்களைப் பார்க்கிற நேரத்தில் ஒருமுறை சொல்லைச் சொல்லுங்கள், செய்தவுடன் கொடுங்கள், ஐந்து நிமிடத்தில் நிறுத்துங்கள். கையால் திசை காட்டுவதை நாய் விரைவில் பிடித்துக்கொள்ளும், பயிற்சியே இல்லாத தெருநாய்கள்கூட மனிதர் சுட்டிய பக்கம் போவது ஆய்வில் தெரிந்த விசயம். "வா" என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு விதி: வந்த நாயை ஒருபோதும் அடிக்காதீர்கள், உடனே கட்டிப்போடவும் செய்யாதீர்கள். வயல் வரம்பில் புடையன் பாம்பு கிடக்கும்போது உங்கள் நாய் பின்வாங்கி வருவது அந்தச் சொல்லில்தான் தங்கியிருக்கிறது.

படி 7: அடியை நிறுத்துங்கள்

வைரவருக்கு வடைமாலை சாத்திக் கும்பிட்டுவிட்டு, வருகிற வழியில் அவருடைய வாகனத்துக்குக் கல்லெறிகிற ஆட்கள் நாங்கள். இதை மாற்றுவது கஷ்டம்தான், ஆனால் சொந்த வளவில் தொடங்கலாம்.

வழமையான வழக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். காலையில் கோழிக்கூட்டடியில் இறகு கிடக்கிறது. நாயைக் கூப்பிடுகிறீர்கள். அது காதை மடக்கி, நிலத்தோடு ஒட்டி, கண்ணைத் திருப்பிக்கொண்டு வருகிறது. "பாருங்கோ, செய்த பிழை முகத்தில தெரியுது" என்று நாலு அடி. 2009இல் அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இந்த முகத்தைச் சோதித்தார். நாய் உண்மையில் பிழை செய்ததா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தம் இருக்கவில்லை. ஆள் ஏசினால் அந்த முகம் வந்தது, ஒன்றும் செய்யாத நாய்க்கும் வந்தது. அதாவது நீங்கள் குற்ற உணர்ச்சி என்று படிப்பது உங்கள் கோபத்துக்குப் பயப்படுகிற முகம். கோழியைப் பிடித்தது மரநாயாகவும் இருக்கலாம். அடி வாங்கிய நாய் படித்தது, நீங்கள் காலையில் கூப்பிட்டால் வரக்கூடாது என்பதை.

பிழை நடக்கிற அந்தக் கணத்திலேயே "வேண்டாம்" என்று சொல்லி வேறு பக்கம் கூப்பிடுவதுதான் வேலை செய்யும். கோழிக்கூட்டை ஒழுங்காக அடைப்பது இன்னும் நன்றாக வேலை செய்யும்.

படி 8: சங்கிலி

காவலுக்கென்று பிறந்ததிலிருந்து சங்கிலியிலேயே கிடக்கிற நாய் நல்ல காவல்நாய் இல்லை. அது எல்லாவற்றுக்கும் குரைக்கும், ஆகவே எதற்குக் குரைக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. அவிழ்ந்துவிட்டால் முதலில் அகப்படுகிறவரைக் கடிக்கும். தன் ஆட்களோடு திரிகிற நாய்தான் யார் வீட்டார், யார் அயலவர், யார் வேற்றாள் என்று பிரித்தறியும். வேலியைச் சரியாக அடைத்துவிட்டு அவிழ்த்துவிடுங்கள். கட்டியே ஆகவேண்டிய நேரத்தில் நிழலும் தண்ணீரும் எட்டுகிற இடத்தில், நீளக் கயிற்றில். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தள்ளும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டிலில் கட்டிய நாய் செத்துப்போகலாம்.

ஊர் சுற்ற முழுதாக விடுவதும் சரியில்லை. காட்டுக்கரையில் பன்றிக்கு வைக்கிற சுருக்குத் தடத்திலும் கட்டுத்துவக்கிலும் நாய்கள்தான் அடிக்கடி அகப்படுகின்றன. வேட்டைக்குக் கூட்டிப் போவது பெரும்பாலும் சட்டத்துக்கும் பிழை, நாய்க்கும் கேடு.

படி 9: வெடிச் சத்தம்

தீபாவளி, வருடப்பிறப்பு, கோவில் திருவிழா, போதாததற்கு யானை விரட்டுகிற வெடி. வன்னி நாய்க்கு வருடம் முழுவதும் சோதனை. நாயின் காது நமது காதைவிடக் கூரியது. நடுங்குவது, இரைப்பது, எச்சில் வடிப்பது, கட்டிலுக்கு அடியில் புகுவது எல்லாம் உண்மையான பயம். வெடிக்குப் பயந்து ஓடி வழி தவறிப் போகிற நாய்கள் ஒவ்வொரு தீபாவளிக்கும் உண்டு.

அன்று பின்னேரமே சாப்பாட்டைக் கொடுத்து உள்ளே எடுங்கள். குசினி மூலை போதும். கதவைச் சாத்தி வானொலியைப் போடுங்கள். ஒளிந்தால் இழுக்காதீர்கள். "தடவினால் பயம் கூடும்" என்று சிலர் சொல்வார்கள். அது பிழை, பயத்தில் இருப்பதைத் தேற்றினால் பயம் பழக்கமாகாது. பக்கத்தில் இருந்து வழமையான குரலில் பேசுங்கள். பண்டிகை இல்லாத மாதங்களில் வெடிச் சத்தத்தைப் போனில் பதிந்து, காது கேட்டும் கேளாத அளவில் போட்டு, அதே நேரம் மீன் துண்டு கொடுங்கள். வாரக்கணக்கில் சத்தத்தைத் துளித் துளியாகக் கூட்டுங்கள். நாய் தின்பதை நிறுத்தினால் வேகமாகப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம், குறையுங்கள். மிகவும் மோசமான பயத்துக்குக் கால்நடை வைத்தியரிடம் மருந்து இருக்கிறது.

நம்மில் பலரும் இன்னும் வெடிச் சத்தத்துக்குத் திடுக்கிடுகிறவர்கள்தான். அந்த இரவுகளில் நாயோடு குசினிக்குள் இருப்பது நாய்க்கு மட்டும் நல்லது என்று நினைக்க வேண்டாம்.

படி 10: பிள்ளைகளும் முதியவர்களும்

பிள்ளைகளுக்கு மூன்று விதி சொல்லிக் கொடுங்கள்: தின்னும்போது தொடாதே, படுத்திருக்கும்போது தொடாதே, குட்டி போட்ட நாய்க்குக் கிட்டப் போகாதே. அறியாத நாய் துரத்தினால் ஓடாமல், கையை உடம்போடு ஒட்டி, நிலத்தைப் பார்த்து மரம்போல நிற்க வேண்டும். சின்னப் பிள்ளையையும் நாயையும் பெரியவர் இல்லாமல் தனியே விட வேண்டாம், எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும்.

முதியவர்கள் விசயத்தில் எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. பிள்ளைகள் கனடாவிலும் கொழும்பிலும் இருக்க, தனியே இருக்கிற ஒரு அம்மாவின் வீட்டில் நாய் இருந்தால் அடுப்பு எரிகிறது. தனக்காக மட்டும் என்றால் பாணும் தேநீரும் போதும் என்று இருந்துவிடுவார், நாய்க்காகச் சோறு வைப்பார், பிறகு அவரும் சாப்பிடுவார். வெளிநாட்டிலிருந்து "அம்மாவுக்கு ஏன் இந்த வயசில நாய்" என்று கேட்கிறவர்கள், நாயின் ஊசிக்கும் உண்ணி மருந்துக்கும் காசு அனுப்புங்கள்.

படி 11: பிரிவுக்குத் தயாராகுங்கள்

வன்னியில் நாயைப் பற்றி எழுதிவிட்டு இதை விட முடியாது. 2008இலும் 2009இலும் போரின்போது கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று சனம் நகர்ந்தபோது நாய்கள் கொஞ்ச தூரம் கூடவே வந்தன, பல வளவுகளிலேயே நின்றன. பிறகு செட்டிகுளத்து முகாம்களில் இருந்தவர்கள் இழந்த மனிதரைப் பற்றிச் சொல்லி முடித்த பிறகுதான் நாயைப் பற்றிச் சொல்வார்கள், அதுவும் தாழ்ந்த குரலில், சொல்லக் கூடாததைச் சொல்வது போல. அந்தத் துக்கத்துக்கும் இடம் உண்டு. நாயைப் பற்றி அழுகிற அப்பாவைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

இன்றைய பிரிவுகள் வேறு. வெள்ளம் ஒன்று. 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கியபோது, கட்டிய இடத்திலேயே கால்நடைகள் செத்தன. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் மழை இறங்கினால் இரவில் நாயைக் கட்டாதீர்கள். வெளியேறச் சொன்னால் கழுத்துப்பட்டியும் கயிறும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். கூட்டிப் போகவே முடியாவிட்டால் அவிழ்த்துவிட்டுப் போங்கள்.

மற்றது, வேலைக்கும் படிப்புக்கும் வெளிநாட்டுக்கும் போவது. போகிற நாள் காலையில் நாயைக் கொண்டுபோய் வேறு வீட்டில் கட்டுவதுதான் மிக மோசமான முறை. சில வாரம் முன்பே, பார்க்கப் போகிறவர் உங்கள் வளவுக்கு வந்து தன் கையால் சோறு கொடுக்கட்டும், உண்ணி பார்க்கட்டும். அதே பெயர், அதே சொற்கள், அதே சாப்பாட்டு நேரம் என்று சொல்லிக் கொடுங்கள். கழுவாத உடுப்பு ஒன்றை விட்டுப் போங்கள். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் நாய்களுக்குப் பல மணங்களைக் காட்டி மூளையைப் படம் பிடித்தபோது, தமக்கு நெருங்கிய மனிதரின் மணத்துக்குத்தான், அந்த மனிதர் அங்கே இல்லாதபோதும், நல்லதை எதிர்பார்க்கிற பகுதி கூடுதலாகச் செயற்பட்டது. பிறகு போனில் கூப்பிட்டால் நாய் தலையைச் சரித்துக் கேட்கும். படத்தைவிடக் குரல்தான் அதற்கு. ஆனால் கேட்ட பிறகு படலையடிக்குப் போய் நெடுநேரம் நிற்கிற நாய் என்றால் அதைத் திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள்.

படி 12: முதுமையும் முடிவும்

ஊர் நாய் நன்றாகப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு ஆண்டு, சிலது அதற்கு மேலும் இருக்கும். கண் மங்கினால் சாமான்களை இடம் மாற்றாதீர்கள். காது மந்தமானால் பின்னாலிருந்து திடீரென்று தொடாமல் நிலத்தைத் தட்டிக்கொண்டு வாருங்கள். மழைக்காலத்தில் மூட்டு நோகும், உரப்பையை மடித்துப் போட்டு ஈரம் படாத இடம் கொடுங்கள். எழும்ப முடியாமல், தின்னாமல், வலியில் முனகுகிற கட்டத்தில் கால்நடை வைத்தியரோடு பேசுங்கள். வலியில்லாமல் முடித்து வைக்க ஊசி உண்டு. அந்த நேரம் பக்கத்தில் இருங்கள்.

வளவிலேயே புதைக்கலாம். கிணற்றிலிருந்து தள்ளி, வேறு நாய் கிளறாத அளவுக்கு ஆழமாக. வீட்டில் இன்னொரு நாய் இருந்தால் அது வந்து மணந்து பார்க்க விடுங்கள். சில நாள் சோறு குறைக்கும், தேடும். அதன் வழமையான நேரங்களை மாற்றாமல் இருங்கள்.

அடுத்த குட்டியை எப்போது கொண்டுவருவது என்பதற்குக் கணக்கு இல்லை. பிள்ளைகள் பழைய நாயைப் பற்றிச் சிரித்துக் கதைக்கத் தொடங்கிய பிறகு என்பது என் அபிப்பிராயம். ஆனால் தயவுசெய்து புதுக்குட்டிக்குப் பழைய பெயரை வைக்காதீர்கள். வன்னியில் ஒரே வளவில் நாலாவது ஜிம்மி ஓடித் திரிகிற வீடுகள் இருக்கின்றன. முதலாவது ஜிம்மி செய்யாத பிழைக்கெல்லாம் நாலாவது ஜிம்மி ஏச்சு வாங்குகிறது.